ஐந்து அரசுகள், ஒரு தண்டவாளம்

டெல்லியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நியூ அசோக் நகர். நொய்டா எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு ரயில் பாதைகள் தெரிகின்றன. ஒன்று டெல்லி மெட்ரோவின் நீலப் பாதை. அதற்கும் மேலே, இன்னும் உயரத்தில், அதைக் குறுக்காகத் தாண்டிப் போகிறது மற்றொன்று. டெல்லியையும் காசியாபாத்தையும் மீரட்டையும் இணைக்கும் ‘நமோ பாரத்’ ரயிலின் பாதை அது. அரசுக் கோப்புகளில் அதன் பெயர் ஆர்.ஆர்.டி.எஸ்., அதாவது மண்டல விரைவு ரயில். வட்டாரத்து மக்கள் ‘ரேபிட்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

அந்த ரயிலைப் பார்ப்பதற்காகவே 2025 கோடையில் போனேன். தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வை அரசு அறிவித்திருந்த நேரம் அது. பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒரே போக்குவரத்தில் இணைப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைச் செய்து முடித்தவர்கள் எப்படிச் செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே தடுமாறினார்கள் என்பதையெல்லாம் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே போய்ப் பார்க்க நினைத்தேன்.

முழுப் பாதை 82 கிலோமீட்டர். சராய் காலே கானில் தொடங்கி மீரட்டைத் தாண்டி மோதிபுரம் வரை. அதில் சுமார் 14 கிலோமீட்டர் டெல்லியில், மீதி 68 கிலோமீட்டர் உத்தரப் பிரதேசத்தில். நான் போனபோது நியூ அசோக் நகர் முதல் மீரட் தெற்கு வரை 55 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரு முனைகளிலும் மிச்சப் பகுதியில் வேலை முடியும் கட்டத்தில் இருந்தது.

மேடையில் நின்று

பாதுகாப்புச் சோதனை முடிந்து மேலே ஏறினால், நடைமேடையின் விளிம்பு முழுவதும் கண்ணாடிக் கதவுகள். ரயில் வந்து நின்ற பிறகுதான் அவை திறக்கும். ஆறு பெட்டிகள் கொண்ட ரயில். ஒன்று பெண்களுக்கானது. இன்னொன்று கூடுதல் கட்டணப் பெட்டி. மெட்ரோவைப் போலச் சுவரோரமாக நீள இருக்கைகள் இல்லை. பேருந்து போல இரண்டிரண்டாக அமைந்த இருக்கைகள். தலைக்கு மேலே பை வைக்க அடுக்கு. சக்கர நாற்காலிக்கும், நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சருக்கும் தனி இடம். மீரட்டிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் டெல்லிக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துச் செய்த ஏற்பாடு.

நான் போனபோது நியூ அசோக் நகரிலிருந்து மீரட் தெற்குக்குச் சாதாரணக் கட்டணம் 150 ரூபாய். கூடுதல் வசதிப் பெட்டியில் 225. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில். 55 கிலோமீட்டரை ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் கடக்கிறது. ரயிலை 180 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்திருக்கிறார்கள். 160 வரை ஓட்டுகிறார்கள். பெட்டிகள் ஆல்ஸ்டாம் நிறுவனத்தின் குஜராத் சாவ்லி ஆலையில் செய்யப்பட்டவை.

பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர். மோதிநகரில் வீடு, நொய்டாவில் கணினி வேலை. இரவு வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முன்பு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். “பஸ்ஸில்தான். சில நாள் ஒன்றரை மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று அம்மாவிடம் சொல்லவே முடியாது. இப்போது சொல்ல முடிகிறது” என்றார். வேகத்தைவிட இந்த நிச்சயத்தைத்தான் அவர் பெரிதாகப் பேசினார். வழியில் நான் பேசிய மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஆனந்த் விஹார்: இடம் மாறும் இடம்

அடுத்த நிலையம் ஆனந்த் விஹார். ரயில் தரைக்குக் கீழே இறங்குகிறது. நான் அங்கே இறங்கி மேலே ஏறிப் பார்த்தேன். மெட்ரோவின் நீலப் பாதையும் இளஞ்சிவப்புப் பாதையும் அங்கே சந்திக்கின்றன. ஒருபுறம் இந்திய ரயில்வேயின் ஆனந்த் விஹார் முனையம். வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கேதான். சாலைக்கு அந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்தின் கௌசாம்பி பேருந்து நிலையம். இத்தனையும் நடக்கும் தூரத்துக்குள்.

இப்படி ஓர் இடத்தில் நிலையம் அமைப்பது எளிதல்ல. இருக்கும் கட்டடங்களுக்கும் பாதைகளுக்கும் நடுவே பூமியைக் குடைய வேண்டும். ஊருக்கு வெளியே காலி நிலத்தில் கட்டினால் செலவும் தொல்லையும் குறையும். ஆனால் மக்கள் எங்கே இடம் மாறுகிறார்களோ அங்கே நிலையம் இல்லாவிட்டால், எத்தனை வேகமான ரயிலாலும் பயனில்லை. இங்கே அதைப் பிடிவாதமாகச் செய்திருக்கிறார்கள். பீகாரிலிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒரு குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு தெருவுக்கே வராமல் மீரட் ரயிலுக்குப் போவதைப் பார்த்தேன்.

இதே வட்டாரத்தில் எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2019-ல் நொய்டாவில் ‘அக்வா’ பாதை திறந்தது. அதை நடத்துவது நொய்டா மெட்ரோ கழகம். அதன் செக்டர் 51 நிலையத்துக்கும் டெல்லி மெட்ரோவின் செக்டர் 52 நிலையத்துக்கும் இடையே சுமார் 300 மீட்டர் தூரம். ஒரே ஆண்டில் திறந்த இரண்டு நிலையங்கள், இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள். நடுவே நல்ல நடைபாலம் இல்லாமல் பல ஆண்டுகள் பயணிகள் வெயிலிலும் மழையிலும் அந்தத் தூரத்தைக் கடந்தார்கள். முந்நூறு மீட்டருக்குப் பொறுப்பாளி யார் என்று தெளிவாக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் கிளாம்பாக்கம் நினைவுக்கு வராமல் இருக்குமா? சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகளுக்கான பெரிய நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் அங்கே திறந்தது. தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை எதிரிலேயே ஓடுகிறது. ஆனால் பேருந்து நிலையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் கிடையாது. அதன் பிறகுதான் அந்த வேலையே தொடங்கியது. பேருந்து ஒரு துறை, ரயில் இன்னொரு துறை, மெட்ரோ மூன்றாவது துறை. பயணி மட்டும் ஒரே ஆள்.

எல்லையைத் தாண்டும்போது

ஆனந்த் விஹாரை விட்டு ரயில் மறுபடி வெளிச்சத்துக்கு ஏறும்போது டெல்லி முடிந்து உத்தரப் பிரதேசம் வந்துவிடுகிறது. சாஹிபாபாத் நிலையம். பெட்டிக்குள் இருப்பவருக்கு எல்லை கடந்ததே தெரியாது. பயணி இதை உணராமல் இருப்பதற்காகத்தான் பல ஆண்டுகள் கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்தன.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். டெல்லியின் நெருக்கடியைச் சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்துத்தான் தீர்க்க முடியும் என்று 1985-லேயே தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியச் சட்டம் வந்தது. ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய பக்கத்து மாநிலங்களின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. 2005-ல் திட்டக் கமிஷன் ஒரு பணிக்குழுவை அமைத்தது. டெல்லியிலிருந்து சுற்றுவட்டார ஊர்களை நோக்கி எட்டுப் பாதைகள் திட்டத்தில் இடம்பெற்றன. அவற்றில் மீரட், பானிபட், ஆல்வார் ஆகிய மூன்று திசைகளுக்கு முன்னுரிமை கிடைத்தது.

அடுத்த படிதான் முக்கியம். 2013-ல் தேசியத் தலைநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகம் (என்.சி.ஆர்.டி.சி.) என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மத்திய அரசுக்குப் பாதிப் பங்கு. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டரை சதவீதம். ஆக, ஐந்து அரசுகள் சேர்ந்து நடத்தும் ஒரே நிறுவனம். ஆய்வு, வடிவம், கடன், கட்டுமானம், கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. ரயிலை ஓட்டிப் பராமரிக்கும் வேலையை ஜெர்மனியின் டாய்ச்ச பான் குழும நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறார்கள். என்றாலும் பயணிக்குப் பதில் சொல்ல வேண்டியது கழகம்தான்.

கூட்டிப் பாருங்கள். 2005-ல் பணிக்குழு. 2013-ல் நிறுவனம். 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், மார்ச்சில் அடிக்கல். 2023 அக்டோபர் 20-ல் சாஹிபாபாத்–துஹாய் பணிமனை இடையே முதல் 17 கிலோமீட்டர் தொடக்கம். அடிக்கல்லிலிருந்து முதல் ரயில் வரை நாலரை ஆண்டு. அதில் கொரோனா காலமும் அடக்கம். பணிக்குழுவிலிருந்து அடிக்கல் வரை பதினான்கு ஆண்டு. பொறியாளர்களுக்குத் தேவைப்பட்டதைப்போல மூன்று மடங்கு காலம், அரசுகள் ஒருவரோடொருவர் பேசி முடிக்கத் தேவைப்பட்டிருக்கிறது.

காசியாபாத்: பணம் வந்த வழி

காசியாபாத் நிலையம் மிக உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒரு சாலை மேம்பாலமும், அதற்கு மேல் டெல்லி மெட்ரோவின் சிவப்புப் பாதையும் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டித்தான் இந்தப் பாதை போக வேண்டியிருந்தது. அருகிலேயே சிவப்புப் பாதையின் கடைசி நிலையமான ஷஹீத் ஸ்தல். நடைமேடையிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் காலடியில் விரிகிறது. தண்ணீர்த் தொட்டிகள் வரிசைகட்டிய மொட்டை மாடிகளும், கட்டி முடியாத அடுக்குமாடிகளும், சாலை நிறைய லாரிகளும்.

இதற்கெல்லாம் செலவு 30,274 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 370 கோடி. இந்தப் பணத்தை எந்தத் தனி அரசும் ஒரே பட்ஜெட்டில் எடுத்து வைத்துவிட முடியாது. 2020-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 104.9 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 50 கோடி டாலர். பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி இன்னொரு 50 கோடி. கூட்டினால் 204.9 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15,000 கோடி ரூபாய். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி. மீதியில் பெரும் பகுதியை மத்திய அரசும் உத்தரப் பிரதேசமும் டெல்லியும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

 பங்கு கொடுக்க வேண்டிய வீட்டுக்குள்தான் தகராறு வந்தது. ஆர்.ஆர்.டி.எஸ். திட்டங்களுக்குத் தன் பங்கைத் தரப் பணமில்லை என்று டெல்லி அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. டெல்லியின் காற்று மாசு வழக்கோடு இந்த ரயிலும் சேர்ந்திருந்ததால் விஷயம் நீதிமன்றம் வரை போயிருந்தது. 2023 ஜூலையில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், சுதான்ஷு தூலியா அமர்வு, மூன்று ஆண்டுகளில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று கணக்குக் கேட்டது. சுமார் 1,100 கோடி என்று பதில் வந்தது. விளம்பரத்துக்கு அவ்வளவு இருக்கும்போது உள்கட்டமைப்புக்கு எப்படி இல்லாமல் போகும் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. 415 கோடியை இரண்டு மாதத்தில் தரச் சொன்னார்கள். கெடு தாண்டியது. நவம்பரில், விளம்பர ஒதுக்கீட்டிலிருந்தே அந்தத் தொகையை மாற்றும்படி உத்தரவிட்டு, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு தொகை ஒதுக்கப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. மாநில அரசுகளின் நிதி நெருக்கடி உண்மையானது. சரக்கு, சேவை வரி வந்த பிறகு அவர்கள் கையில் வரி உயர்த்தும் வழிகளும் குறைந்துவிட்டன. ஆனால் இதிலிருந்து ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. பங்குத் தொகை எவ்வளவு என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தத் தலைப்பிலிருந்து, எந்த மாதத்தில் வரும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முதல் தூண் எழும்புவதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். ஒரு ரயில் ஓட உச்ச நீதிமன்றம் பண வசூல் செய்ய வேண்டியிருந்தது நல்ல முன்மாதிரி ஆகாது. பானிபட், ஆல்வார் பாதைகள் மீரட் பாதையோடு ஒன்றாக முன்னுரிமை பெற்றவைதான். நான் போனபோது அவற்றில் ஒன்றிலும் ரயில் ஓடவில்லை.

நிலத்தின் விலை யாருக்கு?

குல்தார், துஹாய் நிலையங்களைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே வயல்களும் விளம்பரப் பலகைகளும் மாறி மாறி வருகின்றன. பலகைகளில் எல்லாம் ஒரே வாசகம்தான்: ரேபிட் நிலையத்திலிருந்து இத்தனை நிமிடத்தில் மனை. கரும்பும் கோதுமையும் விளைந்த நிலத்தின் விலை ரயில் வந்ததும் ஏறிவிட்டது. துஹாயில் தேநீர்க் கடை வைத்திருந்த பெரியவர், “நிலத்தை முன்னாடியே விற்றவன் அழுகிறான், வைத்திருந்தவன் சிரிக்கிறான்” என்றார்.

ஊரார் பணத்தில் ரயில் ஓடுகிறது. அதனால் ஏறிய நிலவிலை தனியார் சிலரின் பைக்குள் மட்டும் போவது சரியா? உலகமெங்கும் போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் கேட்கும் கேள்வி இது. ஹாங்காங் மெட்ரோ நிலையங்களின் மேலேயே கட்டடம் கட்டி அந்த வருமானத்தில் பாதைகளை விரித்தது. உத்தரப் பிரதேசம் 2022-ல் இதற்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது. நிலையங்களைச் சுற்றிய பகுதியில் கூடுதல் மாடிகள் கட்டவும், வீடும் கடையும் அலுவலகமும் கலந்து அமையவும் அனுமதி. அதற்கு ஈடாக வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு ரயில் திட்டத்துக்கு. காசியாபாத், மீரட் வளர்ச்சி ஆணையங்கள் தங்கள் பெருந்திட்டங்களில் இதைச் சேர்த்திருக்கின்றன.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. தரையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் கண்ட மனைப் பிரிவுகள் பலவற்றில் நிலையத்துக்கு நடந்து வர நடைபாதை இல்லை. நெடுஞ்சாலையைக் கடக்க வழியில்லை. நிலையத்தைச் சுற்றி முதலில் நடைபாதை, வடிகால், பேருந்து நிறுத்தம். அதற்குப் பிறகுதான் மாடிகளுக்கு அனுமதி. இந்த வரிசை மாறினால் ரயில் பக்கத்தில் குடியிருப்பவரும் கார் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

முராத்நகர், மோதிநகர்: பழைய சாலைக்கு மேலே

முராத்நகரில் கங்கைக் கால்வாயைக் கடக்கிறோம். கோடையில் அங்கே குளிப்பவர்கள் கூட்டம். அதைத் தாண்டினால் மோதிநகர். குஜர்மல் மோதி 1933-ல் சர்க்கரை ஆலை தொடங்கியதால் உருவான ஊர். பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பழைய டெல்லி–மீரட் சாலையை அடைத்துக்கொண்டு போகும். சாவன் மாதம் காவடி யாத்திரை வந்தால் அந்தச் சாலையில் வாகனப் போக்குவரத்தையே பெருமளவு திருப்பிவிட்டுவிடுவார்கள். 2021-ல் திறந்த டெல்லி–மீரட் விரைவுச்சாலை கார் வைத்திருப்பவர்களுக்கு வழி திறந்துவிட்டது. கார் இல்லாதவருக்கும் மோதிநகர்க்காரருக்கும் அந்தப் பழைய சாலையே கதி. ரேபிட்டின் தூண்கள் பெரும்பாலும் அந்தச் சாலையின் நடுவிலேயே நிற்கின்றன. இதனால் நிலம் கையகப்படுத்தும் தேவையும் குறைந்தது. ஊர்களை விட்டு விலகாமல் அவற்றின் நடுவிலேயே நிலையங்களும் அமைந்தன.

மோதிநகரில் இறங்கி, நிலையத்துக்குக் கீழே நின்றவர்களிடம் பேசினேன். கட்டடத் தொழிலாளி ஒருவர், வயது நாற்பது இருக்கும், இந்த ரயிலில் இதுவரை ஏறியதில்லை என்றார். “பாசஞ்சர் வண்டியில் மாதச் சீட்டு எடுத்தால் சில நூறு ரூபாயில் மாதம் முழுக்கப் போகலாம். இதில் இரண்டு நாளில் அந்தக் காசு தீர்ந்துவிடும்.”

அவர் கணக்கு சரி. மீரட் தெற்கிலிருந்து நியூ அசோக் நகருக்கு நாள்தோறும் போய்வந்தால், அன்றைய கட்டணத்தில், 300 ரூபாய். மாதத்தில் 25 நாள் என்றால் 7,500. நொய்டா அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு இது தாங்கும். டெல்லியில் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்குத் தாங்காது. கடன் வட்டி கட்ட வேண்டிய நிறுவனம் கட்டணத்தை மிகக் குறைக்க முடியாது என்பது புரிகிறது. முழுப் பாதை ஓடும்போது நாளொன்றுக்கு 8 லட்சம் பேர் பயணிப்பார்கள் என்பது திட்டத்தின் மதிப்பீடு. அந்த எண்ணை அலுவலகம் போவோரை மட்டும் வைத்து எட்ட முடியாது. காலையிலும் மாலையிலும் ரயில் நிறைந்து போனது. நண்பகலில் நான் ஏறிய பெட்டியில் பாதி இருக்கைகள் காலி. அந்தக் காலி இருக்கைகளில் உட்கார வேண்டியவர்கள் நிலையத்துக்குக் கீழே பேருந்துக்குக் காத்திருந்தார்கள். குறைந்த வருமானத்தாருக்கு மாதச் சீட்டும், கூட்டமில்லாத நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் கொடுத்து, அதற்கான மானியத்தை மாநில அரசு பட்ஜெட்டில் வெளிப்படையாக ஏற்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டுவது எல்லோர் பெயரிலும்தான். ஏறிப் போகவும் எல்லோராலும் முடிய வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் மாற்றம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கல்லூரிப் பெண்கள் தனியாக, கவலையில்லாமல் ஏறி இறங்குகிறார்கள். ரயில் ஓட்டுபவர்களிலும் நிலையப் பணியாளர்களிலும் நிறையப் பெண்கள். மகளோடு வந்த ஓர் அம்மா சொன்னார்: “டெல்லியில் படிக்க வைத்தால் விடுதியில் விட வேண்டும் என்று இவள் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது வீட்டிலிருந்தே போய் வருகிறாள்.” ஒரு ரயில் பாதையால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்காமல் போனது. திட்ட அறிக்கைகளின் லாப நட்டக் கணக்கில் இதற்கு ஒரு வரிசை கிடையாது.

மீரட்: ஒரே பாதையில் இரண்டு ரயில்

மீரட் தெற்கு, நான் போனபோது ரயில் ஓடிய கடைசி நிலையம். ஊரின் மையம் அங்கிருந்து இன்னும் தூரம். வெளியே ஷேர் ஆட்டோக்களும் மின்ரிக்‌ஷாக்களும் காத்திருந்தன. ஒன்றில் ஏறி பேகம்புல் வரை போனேன். கிரிக்கெட் மட்டைகளுக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர் மீரட். 1857 கிளர்ச்சி வெடித்ததும் இங்கேதான். பழைய கடைவீதிகளுக்கு அடியில் சுரங்க நிலையங்களின் கடைசி வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

இந்தத் திட்டத்தில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய யோசனை மீரட்டில்தான் இருக்கிறது. மீரட் நகருக்குத் தனி மெட்ரோ வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. தனியாகக் கட்டினால் இன்னொரு நிறுவனம், இன்னொரு கடன், இன்னொரு பாதை. அதற்குப் பதிலாக, மண்டல ரயிலின் தண்டவாளத்திலேயே நகர மெட்ரோவையும் ஓட்டத் திட்டமிட்டார்கள். மீரட்டுக்குள் சுமார் 23 கிலோமீட்டரில் 13 நிலையங்கள். மூன்று பெட்டி மெட்ரோ எல்லா நிலையங்களிலும் நிற்கும். வேக ரயில் முக்கியமானவற்றில் மட்டும் நிற்கும். நாட்டில் இப்படிச் செய்வது இதுவே முதல் முறை. இரண்டும் மோதாமல் நெருக்கமாக ஓட, ரயில்களோடு வானலையில் தொடர்ந்து பேசும் ஐரோப்பிய முறை சிக்னல் அமைப்பைப் போட்டிருக்கிறார்கள். இப்படி, நடுத்தர நகரம் ஒன்றுக்குத் தனியாகத் தாங்காத மெட்ரோ, வட்டாரப் பாதையின் தோளில் ஏறி வந்துவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். மீரட் தெற்கில் இறங்கிய பிறகு நகரப் பேருந்து எங்கே, எப்போது என்று சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. நாற்பது நிமிடத்தில் 55 கிலோமீட்டர் வந்தவன், பேகம்புல் சேர நெரிசலில் கிட்டத்தட்ட அதே நேரம் செலவிட்டேன்.

நம் ஊர்க் கணக்கு

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் மூன்று மண்டல ரயில் பாதைகளுக்கு ஆய்வு அறிவிக்கப்பட்டது. சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம் 167 கிலோமீட்டர். சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140 கிலோமீட்டர். கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டர். ஆய்வுப் பொறுப்பு சென்னை மெட்ரோ நிறுவனத்திடம்.

மீரட் பாதையின் கிலோமீட்டர் செலவை இந்த 492 கிலோமீட்டருக்கும் போட்டுப் பார்த்தால் 1,80,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. சுரங்கம் குறைந்தால் செலவு குறையும், விலைவாசி ஏறினால் கூடும். எப்படிப் பார்த்தாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாது. எது முதலில் என்று முடிவு செய்ய வேண்டும். என் எண்ணத்தில் கோவை–திருப்பூர்–ஈரோடு பகுதிக்கு வலுவான காரணம் உண்டு. பின்னலாடை, பொறியியல், மஞ்சள் வணிகம், ஜவுளி என்று மூன்று ஊர்களும் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. ஒரு நகரின் சுமையை இன்னொரு நகர் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு அங்கே அதிகம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. டெல்லிக்காரர்கள் ஐந்து அரசுகளை ஒரு மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் மூன்று பாதைகளும் ஒரே மாநிலத்துக்குள் இருக்கின்றன. ஆனாலும் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் பெருந்திட்டம் நகராது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தையே பாருங்கள். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும் சுமையை மாநிலமே தாங்கியது. மண்டல ரயிலிலும் அப்படி நடந்தால் மாநிலத்தால் தாங்க முடியாது.

மாநில எல்லை குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூர் சாட்சி. பெங்களூருவின் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குச் சுமார் 23 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு பற்றிப் பேச்சு நடந்தது. பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் மின்சாரத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே எடுக்கிறது. தமிழ்நாட்டின் ஆய்வு 25,000 வோல்ட் மேல்கம்பியை முன்வைத்தது. ஒரே பாதையின் இரு பாதிகளுக்கு இரு மின்சாரம் என்றால் ரயில் எப்படி எல்லையைத் தாண்டும்? இரு நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தை வரைந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

ஆகவே, தூண் எழும்புவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு பாதைக்கும் வழியில் உள்ள மாநகராட்சிகளும் ரயில்வேயும் மத்திய, மாநில அரசுகளும் பங்குதாரர்களாக இருக்கும் ஒரே நிறுவனம். சென்னையில் இருக்கும் கும்டா என்ற போக்குவரத்து ஒருங்கிணைப்பு ஆணையம் போல ஒன்று கோவை மண்டலத்துக்கும் வேண்டும். வெறும் ஆலோசனை சொல்லும் அமைப்பாக இல்லாமல், பேருந்தையும் ரயிலையும் கட்டணத்தையும் இணைக்க உத்தரவிடும் அதிகாரத்தோடு. இரண்டாவது, பணம் வரும் வழியைச் சட்டமாக எழுதுவது: கடன் எவ்வளவு, பங்கு எவ்வளவு, நிலவிலை ஏற்றத்திலிருந்து எவ்வளவு, ஏழைப் பயணியின் கட்டண மானியம் எவ்வளவு என்று. மூன்றாவது, நிலையங்களைப் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்திலேயே அமைப்பது, எத்தனை சிரமமானாலும்.

சாத்தியக்கூறு அறிக்கை எப்படியும் ஒருநாள் வெளிவரும். அப்போது நாளிதழ்கள் வேகத்தைத் தலைப்பாக்கும். வாசகர்கள் அதைத் தாண்டிப் போய், இதை நடத்தப்போகும் நிறுவனம் எது, யார் எவ்வளவு தருகிறார்கள், எந்தத் தேதியில் தருகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநகராட்சி உறுப்பினரிடமும் கேளுங்கள். டெல்லி–மீரட் பாதையில் பேச்சுக்கே பதினான்கு ஆண்டு போயிற்று. அந்தக் கேள்விகளை நாம் இப்போதே கேட்டால், நம் பாதைக்கு அத்தனை ஆண்டு தேவைப்படாது.